மணல் கொல்லையில் காய்கறி: செம்மண் லோடு இறக்கலாமா?

கேள்வி: 14 மே 2022, காலை

சென்னை ஈ.சி.ஆர். ஓரம் வீடு. கடல் முக்கால் கிலோமீட்டர். பின்பக்கம் 20க்கு 15 அடி காலி இடம், முழுக்க மணல். இரண்டு வருடமாகத் தக்காளி, வெண்டை, மிளகாய் வைத்துப் பார்க்கிறேன். எதுவும் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. காலையில் ஊற்றும் தண்ணீர் பத்து மணிக்கெல்லாம் போன இடம் தெரிவதில்லை. "ரெண்டு அடி மணலை வெட்டி எறிஞ்சிட்டு மூணு லோடு செம்மண் கொட்டுங்க சார், வேற வழியே கிடையாது" என்கிறார் மேஸ்திரி. கொட்டிவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

14 மே 2022, இரவு

கொட்டாதீர்கள் தம்பி.

முதலில் கணக்கு. 300 சதுர அடி, இரண்டு அடி ஆழம் என்றால் 600 கன அடி. அதாவது ஆறு யூனிட். வெட்டிய மணலை எங்கே போடுவீர்கள்? தெருவில் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? செம்மண் என்று லாரியில் வருவது பெரும்பாலும் எங்கோ அஸ்திவாரத்துக்குத் தோண்டிய அடிமண். அதில் மக்கு, அதாவது மக்கிப்போன இலைதழை, என்று ஒன்றும் இருக்காது. நாலு மழை, நாலு வெயில் பட்டால் இறுகிப்போய் மண்வெட்டி இறங்காது.

நான் வேதாரண்யம் பக்கம். இங்கே ஊரே மணல்மேடு. கொல்லை 30க்கு 20 அடி. 2015இல் காய்கறி போட ஆரம்பித்தேன். முதல் வருடம் கிடைத்தது ஒரு சட்டி கத்தரிக்காய், அதிலும் பாதி சொத்தை. இப்போது தக்காளி தவிர வீட்டுக்குக் காய் வாங்குவது மழைக்காலத்தில் மட்டும்தான். மணல் அதே மணல்தான், வெட்டி எறியவில்லை.

என் பதில் சுருக்கமாக: தென்னை நார்க்கழிவு (மட்டையை நாராக்கும்போது உதிரும் தூள்) மூட்டை மூட்டையாகப் போடுங்கள், மாட்டெரு போடுங்கள், மேலே சருகு மூடுங்கள். நார்க்கழிவு தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர் பிடிக்கும்.

15 மே 2022

எரு வாங்கப் போகும் முன் இரண்டு சோதனை. செலவு கிடையாது.

ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள். நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்காரும். அதற்கு மேல் வண்டல் இரண்டு மூன்று மணி நேரத்தில் படியும். களி, அதாவது களிமண் துகள், படிய ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். எவ்வளவு நேரம் தண்ணீர் கலங்கி நிற்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று, ஒரு பிடி காய்ந்த மண்ணில் வினிகர் ஊற்றுங்கள். பொங்குகிறதா?

17 மே 2022

தம்பி பதில் போட்டிருக்கிறார். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் தெளிந்துவிட்டதாம், வினிகர் ஊற்றியதும் சோடா மாதிரி பொங்கியதாம்.

சீக்கிரம் தெளிந்தது என்றால் களி இல்லை. பொங்குவது கிளிஞ்சல். கடற்கரை மணலில் சிப்பித்தூள் கலந்திருக்கும். அது சுண்ணாம்புதான். இந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறதா பாருங்கள். நின்றால் அதுதான் காரணம்.

ஆகவே, மேலே ஒருவர் "அடுப்புச் சாம்பல் போடுங்க, நல்ல சத்து" என்று எழுதியிருப்பதைத் தயவுசெய்து கேட்காதீர்கள். சாம்பலும் காரம், சிப்பி மணலும் காரம். நான் இரண்டு வருடம் விறகடுப்புச் சாம்பல் அத்தனையையும் அவரைப் பாத்தியில் கொட்டினேன். அவரைக்கொடி எலுமிச்சம்பழ நிறத்தில் பந்தல் முழுக்கப் படர்ந்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. காய் இல்லை. சிப்பி இல்லாத, புளிப்பான மண்ணென்றால் சாம்பல் நல்லது. அதற்குத்தான் சோதனை.

2 ஜூன் 2022

14ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன். நார்க்கழிவை மூட்டை மூட்டையாகப் போடச் சொன்னேன் அல்லவா? தம்பி அன்றைக்கே கயிறு ஆலையிலிருந்து பச்சையாக எட்டு மூட்டை இறக்கிவிட்டாராம். பாதிப் பழி என் மேல்.

பச்சை நார்க்கழிவில் கரிச்சத்துக்கும் (கார்பன்) தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) உள்ள விகிதம் 112க்கு 1. அதை மண்ணில் போட்டால் மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்குத் தேவையான தழைச்சத்தைச் செடியிடமிருந்துதான் பிடுங்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக முறை ஒன்று உண்டு: ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியா, சிப்பிக்காளான் வித்து ஒன்றரைக் கிலோ, அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காத்து மக்கவிட வேண்டும். அப்போது விகிதம் 24க்கு 1 என்று இறங்கும். வீட்டில் ஒரு டன் கதை எதற்கு? நான் செய்வது: நிழலில் குவித்து, சாணிக் கரைசல் ஊற்றி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிளறி, ஆறு மாதம் விட்டுவிடுவேன். கறுத்து, கையில் அமுக்கினால் காபி நிறத் தண்ணீர் வராமல் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் விட்டுவிட்டேன். உப்பங்கழித் தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த கழிவென்றால் அதில் உப்பிருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி எடுங்கள்.

நானும் முதல் வருடம் பச்சையாகத்தான் போட்டேன். சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் சொல்லவில்லை.

3 ஜூன் 2022

எட்டு மூட்டையை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மண்ணில் கலக்காமல் நடைபாதையில் பரப்புங்கள். மிதிபட்டு, மழைபட்டு மக்கும். அடுத்த வருடம் அள்ளிப் பாத்தியில் போடுங்கள். வீட்டுக்குள் கால் வைத்தால் ஒட்டிக்கொண்டு வரும், அதற்கு நான் பொறுப்பில்லை.

20 ஜூன் 2022

மட்டை புதைப்பது பற்றி இங்கே பெரிய சண்டையே நடந்திருக்கிறது. தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்த்து வைப்பதா, கீழே பார்த்து வைப்பதா?

இரண்டு பேரும் சரி. மண்ணுக்குள் புதைக்கும்போது குழிந்த பக்கம் மேலே, கிண்ணம் மாதிரி. இறங்கும் தண்ணீர் நாரில் ஊறி நிற்கும். மண்ணுக்கு மேலே மூடாக்காகப் பரப்பும்போது குப்புற, கூரை மாதிரி. தென்னந்தோப்புக்காரர்கள் காலகாலமாகச் செய்வது இது. புதைத்த மட்டை ஐந்திலிருந்து ஏழு வருடம் வேலை செய்யும் என்பார்கள். நான் 2017இல் பாகற்பந்தலுக்கு அடியில் ஒன்றரை அடி ஆழத்தில் எண்பது மட்டை புதைத்தேன். அந்தப் பந்தலுக்கு மட்டும் இரண்டு நாளைக்கு ஒரு தண்ணீர் போதும்.

அத்தை (மாமியார்) இதைப் பார்த்துவிட்டு, "தேங்காயைத் தின்னுட்டு மட்டையைப் பொதைக்கிறா, அடுத்து மரத்தையே பொதைப்பா" என்று ஊரெல்லாம் சொன்னார். அது எப்படிப் பலித்தது என்று அப்புறம் எழுதுகிறேன்.

18 ஜூலை 2022

ஆடி பிறந்தாயிற்று. முந்நூறு சதுர அடியையும் ஒரே வருடத்தில் மாற்ற நினைக்காதீர்கள் தம்பி. 10க்கு 4 அடியில் இரண்டு பாத்தி எடுத்துக்கொள்ளுங்கள், எரு அத்தனையும் அதற்குள். மிச்ச இடத்தில் தக்கைப்பூண்டோ சணப்போ தூவிவிடுங்கள், மண்ணுக்கு உரமாக மடக்குவதற்கென்றே வளர்க்கும் செடிகள் இவை. ஏக்கருக்கு 20 கிலோ என்பது கணக்கு, உங்கள் இடத்துக்கு 150 கிராம்கூட வராது. நான் நெருக்கமாகக் கால் கிலோ தூவுவேன். 45ஆம் நாள் பூ எடுக்கும் சமயத்தில் அறுத்து அங்கேயே மடக்கி மண் தள்ளிவிட வேண்டும். முற்றவிட்டால் தண்டு விறகாகிவிடும், மக்காது. கொளுஞ்சி மணலுக்கு இன்னும் நல்லது. ஆனால் விதைத்தோல் கெட்டி. மணலோடு சேர்த்து லேசாக இடித்து விதைத்தால்தான் முளைக்கும். இயற்கை விவசாயம் பரப்பிய நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொன்ன பலதானிய விதைப்பும் இதே வேலைதான், தானியம் பயறு எண்ணெய்வித்து என்று கலந்து தூவுவது. சமையலறை டப்பாவில் வண்டு வைத்தது எல்லாம் எங்கள் வீட்டில் அங்கேதான் போகும்.

பாத்தியை மேடாகக் கட்டாதீர்கள். யூடியூபில் எல்லோரும் மேட்டுப்பாத்தி காட்டுகிறார்கள். அது தண்ணீர் தேங்கும் மண்ணுக்கு. நம் மணலில் மேடு கட்டினால் நாலு பக்கமும் காய்ந்துபோகும். நாலு விரல் ஆழம் தாழ்ந்த பாத்தி போடுங்கள்.

தக்காளி ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். மணலுக்கு விருப்பமானவை இருக்கின்றன: மரவள்ளி, சர்க்கரைவள்ளி, முள்ளங்கி, தட்டைப்பயறு, கொத்தவரை, வெள்ளரி, சுரை, பூசணி. முருங்கைக்கு நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம்.

9 ஆகஸ்ட் 2022

மரம் புதைத்த கதை. 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல். எங்கள் வீட்டில் மட்டும் ஏழு தென்னை சாய்ந்தது. அள்ளிப்போக ஆளில்லை, வாங்குவாரும் இல்லை. ஆறு மாதம் கழித்து இரண்டு மரத்தை அறுத்து, துண்டுகளைக் கொல்லையின் மேற்கு ஓரம் வாய்க்கால் மாதிரி வெட்டி உள்ளே போட்டு மூடினோம். அத்தை சொன்னது பலித்தது.

நல்ல யோசனை என்று யாரும் கிளம்பாதீர்கள். மக்கும் தென்னந்தண்டு காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. அடுத்த வருடம் தோண்டினால் கட்டைவிரல் தடியில் வெள்ளை வெள்ளையாகப் புழு, வளைந்து படுத்திருக்கிறது. அது காய்கறி வேரைத் தின்பதில்லை, மக்குகிற தண்டைத்தான் தின்னும். ஆனால் வண்டாகிப் பறந்துபோய் மிஞ்சிய தென்னையின் குருத்தில் துளை போடும். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத் தூள் வாங்கிக் கலந்தோம். கோழியையும் விட்டோம். கோழிதான் அதிகம் வேலை செய்தது. மேற்கு ஓரம் இன்றைக்கு என் கொல்லையிலேயே நல்ல இடம். ஆனால் மறுபடி செய்வேனா என்றால் மாட்டேன்.

சுற்றிக்கொண்டே போகிறேன். கேள்வி செம்மண்ணைப் பற்றியது.

28 ஆகஸ்ட் 2022

இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். நார்க்கழிவு, எரு என்று இவ்வளவு எழுதினேன், எனக்கே விஷயம் பிடிபட நாலு வருடம் ஆனது.

வருடா வருடம் நான்கு வண்டி எரு போடுவேன். தையில் பாத்தி கறுப்பாக இருக்கும். ஆவணியில் தோண்டினால் பழைய வெள்ளை மணல். எரு எங்கே போயிற்று? திருடன் ஒன்றும் வரவில்லை. நம் வெயிலில், காற்று உள்ளே போய்வரும் மணலில், மக்கு அடுப்பில் போட்ட வைக்கோல் மாதிரி எரிந்துபோகிறது. மீதியை மழை அடியில் இறக்கிவிடுகிறது. அதைப் பிடித்துவைக்க ஒரு கை வேண்டும். அது களி. களியின் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் சிறியது. அதன் மேல் சத்தும் ஒட்டும், மக்கும் ஒட்டி எளிதில் அழியாமல் நிற்கும். ஆக மேஸ்திரி சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது தம்பி. வெளிமண் வேண்டும், ஆனால் லோடு கணக்கில் வேண்டாம். அது செம்மண்ணைவிடக் களி கலந்த குளத்து வண்டலாக இருந்தால் நல்லது. ஒரு பாத்திக்கு ஒரு மூட்டை போதும்.

போடும் விதம் முக்கியம். கட்டியாகக் கொட்டினால் மணலுக்குள் செங்கல் மாதிரி அப்படியே கிடக்கும். வெயிலில் காயவைத்து, கட்டையால் தட்டிப் பொடித்து, சாணியோடு சேர்த்துக் கூழாகக் கரைத்து ஊற்றிக் கொத்திவிடுங்கள். குளத்தில் நீங்களாக அள்ளாதீர்கள், அனுமதி வேண்டும். முறைப்படி எடுத்து வைத்திருக்கும் விவசாயி யாரிடமாவது நாலு மூட்டை கேளுங்கள்.

இனி என் முட்டாள்தனம். 2019இல் ஒரு டிராக்டர்காரர் "நல்ல களி, சும்மாவே தர்றேன்" என்று கொண்டுவந்து இறக்கினார். சும்மா என்றதும் வாயெல்லாம் பல். எங்கே எடுத்தது என்று கேட்கவில்லை. உப்பளத்துக்குப் பக்கத்து ஓடையில் எடுத்தது. பாத்தி முழுக்கக் கலந்த பிறகு மிளகாய் நாற்று இலை ஓரமெல்லாம் கருகியது. மேலே வெள்ளை பூத்தது. அத்தை ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்து, "குழம்புக்குப் போடலாம்" என்றார். 1930இல் உப்பு எடுக்கப் போராடிய ஊர் இது. நான் உப்பைக் கொல்லையை விட்டு அனுப்பப் போராடினேன்.

போனது எப்படி? 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை கரையோர வயலெல்லாம் கடல்தண்ணீர் ஏறியது. அப்போது இங்கே செய்ததும் மழைத்தண்ணீரைத் தேக்கி உப்பை அடியில் இறக்குவது, தக்கைப்பூண்டு விதைத்து மடக்குவது. தக்கைப்பூண்டு உப்பைக் கொஞ்சம் தாங்கும். 2005 ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிய மழை பெரிய உதவி. மணலுக்கு ஒரு நல்ல குணம் இது, சத்தைக் கழுவுகிற வேகத்தில் உப்பையும் கழுவிவிடும். என் பாத்தியும் ஒரு மழைக்காலத்தில் தேறியது.

எந்த மண் வந்தாலும் ஒரு தொட்டியில் போட்டு வெந்தயம் தூவிப் பாருங்கள். ஒழுங்காக முளைத்தால் மட்டும் பாத்திக்கு.

29 ஆகஸ்ட் 2022

வண்டல் மூட்டைக் கணக்குத் தப்பு. ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், நன்றி. 10க்கு 4 பாத்தியில் ஒரு அங்குல கனத்துக்குப் போடுவது என்றால் மூன்றேகால் கன அடிக்கு மேல். அது சிமெண்ட் சாக்கில் மூன்று மூட்டை. நான் ஒன்று என்று எழுதிவிட்டேன். ஒரே நாளில் மூன்றும் வேண்டாம், வருடத்துக்கு ஒன்று என்றாலும் சரி.

6 டிசம்பர் 2022

தம்பியின் தாழ்ந்த பாத்தி குளமாகிவிட்டதாம். கீழிருந்து ஊற்றெடுக்கிறதாம். மணலில் தண்ணீர் நிற்காது என்று அடித்துச் சொன்னேன். கடலோரத்தில் அடைமழையில் நிலத்தடி நீரே மேலே ஏறிவிடும் என்பதை மறந்தேன். எங்கள் வீடு மேட்டில் இருப்பதால் எனக்கு அது வருவதில்லை. ஐப்பசிக்கு முன் பாத்தியை மேடாக்கிவிடுங்கள், தையில் மறுபடி தாழ்த்துங்கள். மேலே "யூடியூபில் எல்லோரும்" என்று நக்கலடித்ததைத் திரும்பப் பெறுகிறேன், வருடத்தில் மூன்று மாதத்துக்கு மட்டும்.

11 மார்ச் 2023

படம் பார்த்தேன். கத்தரி பகலில் துவண்டு இரவில் தேறுகிறது என்றால் எருக் குறைவில்லை. போன வாரம் "எரு பத்தவில்லை" என்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. மணல் அதற்குச் சொர்க்கம். வேப்பம்புண்ணாக்கு கலந்து, அந்தப் பாத்தியில் ஒரு பருவம் நெருக்கமாகத் துலுக்கச் சாமந்தி வையுங்கள். கத்தரி, தக்காளி, வெண்டை மூன்றையும் அங்கே மாற்றி மாற்றி வைத்தால் புழுவுக்கு விருந்து.

தட்டைப்பயறு வேரில் முடிச்சு பார்த்துப் பயந்து பிடுங்கிப் போட்டவருக்கு: அது நல்ல முடிச்சு. நகத்தால் தள்ளினால் தனியே உதிரும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, உதிராது.

12 மார்ச் 2023

பிடுங்கியதைத் திரும்ப நட முடியுமா என்று கேட்கிறார். முடியாது.

25 ஜூன் 2023

"எத்தனை வருடத்தில் மண் மாறும்?" மூன்றாவது ஆளும் கேட்டாயிற்று. எனக்கு எட்டு வருடம் ஆயிற்று. இரண்டு பருவம் எருவும் மூடாக்கும் நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும். 2021இல் அப்பா உடம்பு சரியில்லாமல் ஆறு மாதம் அம்மா வீட்டில் இருந்தேன். திரும்பி வந்தபோது வடக்குப் பாத்தி கடற்கரை மாதிரி கிடந்தது. களி கலந்த பாத்திகள் மட்டும் கொஞ்சம் நிறத்தோடு இருந்தன. அதைப் பார்த்துத்தான் களி விஷயத்தில் எனக்கு நம்பிக்கை வந்தது.

எருவைப் பொங்கலுக்கு ஒருமுறை மொத்தமாகப் போடுவதைவிட, மாதம் ஒரு கூடை போடுங்கள். கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீரும் அப்படித்தான், வாரம் ஒருமுறை கொஞ்சம். ஜீவாமிர்தமா பஞ்சகவ்யமா (இரண்டும் சாணி, கோமியம் சேர்த்துச் செய்யும் கரைசல்) என்ற சண்டைக்கு நான் வரவில்லை. இரண்டையும் ஊற்றியிருக்கிறேன். சருகு மூடாக்கு இல்லாத பாத்தியில் இரண்டுமே பெரிதாக எதுவும் செய்யவில்லை.

சமையலறைக் கழிவை நேராகப் புதைக்காதீர்கள். பெருச்சாளி வரும். வந்தது.

4 பிப்ரவரி 2024

தம்பி பாட்டில் சோதனையை மறுபடி செய்திருக்கிறார். இந்தத் தடவை மறுநாள் காலையிலும் தண்ணீர் கலங்கல், மணலுக்கு மேல் விரல்கடையில் கால்வாசி கனத்தில் வேறு நிறம். இரண்டு பாத்தியில் மட்டும். மரவள்ளி ஒரு செடியில் ஆறு கிலோவாம். தக்காளி இன்னும் சரியில்லை. எனக்கும் சரியில்லை, கடையில்தான் வாங்குகிறேன்.

19 செப்டம்பர் 2024

பாகற்பந்தலைப் பிரித்தோம், கால் உளுத்துவிட்டது. குழி வெட்டும்போது 2017இல் புதைத்த மட்டை வந்தது. எண்பதில் மட்டை என்று அடையாளம் தெரிந்தது ஒன்பதுதான். மற்றதெல்லாம் மூக்குப்பொடி மாதிரி கறுப்புத் தூள், உள்ளே பாகல் வேர். ஆக ஏழு வருடம் என்பது சரிதான். மறுபடி புதைக்க வேண்டும். இப்போது மட்டைக்கும் விலை வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் கேட்டேன், நாற்பதுதான் இருக்கிறதாம்.